வாவலும் இருப்பையும்: ஓர் ஒப்புநோக்கு

சென்ற கல்வியாண்டில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு நற்றிணையின் 279 ஆம் பாடலைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். கயமனார் பாடிய பாலைத்திணைப் பாடல் அது. அதில் வரும் 'இருப்பை' என்னும் சொல்லுக்கு 'இலுப்பை' என்று பொருள் கூறி, இலுப்பை மரத்தைக் கண்டவர் கையுயர்த்துக என்றோம். ஒரு கையும் உயரவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் பழமொழியை அனைவரும் அறிந்திருந்தனர். பூவை அறிந்தார் எவரும் இலர். சிறிது நேரம் கழித்துப் பின்வரிசையில் இருந்த விடுதி மாணவர் ஒருவர் எழுந்து, "வவ்வால் மரத்தையா சொல்றீங்க ஐயா? விடுதிக்குப் பின்னால ரெண்டு நிக்குதே" என்றார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கயமனார் எவ்விரண்டைச் சேர்த்துக் கண்டாரோ அவ்விரண்டையும் அம்மாணவர் ஒரே தொடரில் சேர்த்துவிட்டார். மரத்தின் பெயரை மறந்த இத்தலைமுறை, மரத்திற்கு விருந்தாக வரும் உயிரின் பெயரால் அதனை அழைக்கின்றது.

அன்று மணி அடித்துவிட்டமையால் சொல்லாமல் விட்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

ஒப்பிடத் தகுமா?

ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் எழுப்பும் முதல் வினா இதுவே. கம்பரையும் மில்ட்டனையும் ஒப்பிடலாம். இருவரும் காப்பியம் செய்தவர். வாவல் பறக்கும் உயிர். இருப்பை நிற்கும் உயிர். ஒன்று குட்டி ஈன்று பாலூட்டுவது. மற்றொன்று காய்த்துக் கொட்டை தருவது. இரண்டிற்கும் பால் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இலுப்பையின் கிளையை ஒடித்தால் பால் வடிவது உண்மை. ஆயினும் அத்தகைய ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதால் தேர்வுத்தாள் நிரம்புமேயன்றி அறிவு நிரம்பாது.

ஒப்புமை இருவகைப்படும் என்பது எம் கருத்து. ஒத்தனவற்றை ஒப்பிடுவது ஒரு வகை. உறவுடையனவற்றை ஒப்பிடுவது மற்றொரு வகை. உரலும் உலக்கையும் தோற்றத்தால் ஒத்தவை அல்ல. ஒன்று நிற்பது, ஒன்று இயங்குவது. ஒன்று குழிந்தது; ஒன்று நீண்டது. எனினும் உரலின் குழியைப் பார்த்தவர் உலக்கையின் தலை எத்தகையது என்று சொல்லிவிடுவர். வாவலையும் இருப்பையையும் ஒப்பிடுவது இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. பூவின் வடிவத்திற்குக் காரணம் வாவலிடத்தில் உள்ளது. வாவலின் வழக்கத்திற்குக் காரணம் மரத்தினிடத்தில் உள்ளது.

நம் முன்னோர் இவ்வகை ஒப்புமைக்குப் புதியவர் அல்லர். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் தெய்வம், உணவு என்பவற்றோடு மா, மரம், புள் என்பவற்றையும் அடுத்தடுத்து வைத்தார். ஒரு நிலத்தின் விலங்கும் மரமும் பறவையும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரு குடும்பத்தின் உறுப்பினர் என்னும் பார்வை அதில் உண்டு. ஆனால் இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. வாவல் மாவா, புள்ளா?

குறுந்தொகை 352 ஆம் பாடலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதனைப் பறவை என்றே குறிக்கின்றார். மரபியல், பறப்பவற்றின் இளமைப் பெயராகப் பார்ப்பையும் பிள்ளையையும் வகுக்கின்றது. ஆயினும் எந்த ஊரிலும் எவரும் 'வவ்வால் குஞ்சு' என்று இயல்பாகச் சொல்லக் கேட்டிலோம். 'வவ்வால் குட்டி' என்பதே நாட்டு வழக்கு. இலக்கியம் சிறகை நோக்கியது. நாட்டார் மடியை நோக்கினர். இரண்டும் பிழையன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அரபுப் பேரறிஞர் ஜாஹிழ் தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில், பறந்தும் குட்டி போட்டுப் பாலூட்டும் இவ்வுயிரைக் குறித்து வியந்து எழுதியுள்ளார். விலங்கு, பறவை என்னும் இரு கட்சிக்கும் நடுவே நின்று இரண்டாலும் தள்ளப்பட்டதாக வௌவாலைப் பற்றிய கதை உலகெங்கும் வழங்குகின்றது. உண்மையில் அது தள்ளப்பட்டதன்று. நம் வகைப்பாடுதான் அதற்கு இடம் போதாமற் குறுகியது.

பெயரும் ஊரும்

வாவுதல் என்பது தாவுதல். அவ்வினையடியாக வாவல் என்னும் பெயர் வந்தது எனக் கொள்வது பொருந்தும். வவ்வுதல், அதாவது கவர்தல், என்னும் வினையோடு இணைத்து வவ்வால் என்பதற்குக் காரணம் கூறுவாரும் உளர். தோட்டக்காரர்க்கு இவ்விளக்கமே பிடிக்கும். கடற்கரை ஊர்களிற் பிறந்த எம் மாணவர்க்கு வாவல் என்றதும் நினைவுக்கு வருவது மீன்தான். தட்டையாகச் சிறகு விரித்தாற்போன்ற அம்மீன் அப்பெயர் பெற்றது உருவ ஒப்புமையால் எனலாம்.

இருப்பை என்பது இலுப்பை ஆனது ரகர லகரப் போலி. வடமொழியில் மதூகம். வட இந்தியர் மஹுவா என்பதும் இதன் திரிபே. தாவரவியலார் இதனை 'மதுகா லாஞ்சிஃபோலியா' என்பர். பெயரில் உள்ள மது, தேனைச் சுட்டுவது. மரத்தின் பெருமையை ஊர்ப்பெயர்கள் காத்துள்ளன. புதுக்கோட்டைச் சீமையில் இலுப்பூர், காரைக்குடிப் பக்கத்தில் இலுப்பைக்குடி, காவிரிக்கரை நாட்டில் இலுப்பைப்பட்டு, கடல் கடந்து ஈழத்தின் மன்னாரில் இலுப்பைக்கடவை. ஊர் உண்டு; அவ்வூர்களில் மரம் எத்தனை உண்டு என்று அங்குள்ள மாணவர்கள்தாம் எண்ணிச் சொல்லவேண்டும்.

கயமனார் கண்டது

இனிப் பாடலுக்கு வருவோம். மகள் தலைவனுடன் சென்றுவிட்டாள். தாய் வீட்டில் இருந்து புலம்புகின்றாள். சிலம்பு கழித்து மணவிழா நடத்தும் மகிழ்ச்சியைத் தமர்க்குத் தாராமற் போனாளே, அவளுடைய சிறிய அடிகள் அக்கடிய வழியில் நடந்து ஓய்ந்தனவோ என்பது தாயின் வருத்தம். அவ்வழியைக் காட்டும்பொழுதுதான் வாவலும் இருப்பையும் வருகின்றன. வாவலுக்கு வேப்பம்பழம் தெவிட்டிவிட்டது. இருப்பையின் பழத்தை விரும்புகின்றது. இரவெல்லாம் பனியில் நனைந்து வருந்துகின்றது. கிளைதோறும் தொங்கும் அவற்றின் உடலிலிருந்து, நெய்யில் தோய்ந்த திரியினின்று சொட்டுவதைப்போலக் குளிர்ந்த துளிகள் சிந்துகின்றன.

இதனை உரைநூலில் மட்டும் படிப்பவர் 'வாவல் பழம் தின்ன வந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். மரத்தடியில் நின்று படிப்பவர்க்கு மூன்று செய்திகள் புலனாகும்.

முதலாவது, பழங்களின் வரிசை. வேம்பு கோடையில் பழுக்கத் தொடங்கும். இலுப்பை அதனை அடுத்து, ஆனி ஆடியில், பழுத்து உதிரும். முதலில் வேம்பு, அது தெவிட்டியபின் இருப்பை என்று கயமனார் வைத்தது எதுகை நோக்கியன்று. அது மரங்களின் நாட்காட்டி. பனி எவ்வாறு வந்தது என்று கேட்கலாம். பனி என்பது குளிர்ந்த நீர்த்துளி என்னும் அளவிலேயே ஈண்டுப் பொருள்படும் என்பது எம் துணிபு. மாற்றுக் கருத்துடையோர் எழுதுக.

இரண்டாவது, பழத்தின் பால். இலுப்பைக் காயில் பிசுபிசுத்த பால் நிறைந்திருக்கும். வாயில் வைக்க இயலாது. பழுக்கப் பழுக்க அப்பால் வற்றி இனிமை ஏறும். பால் வற்றிய இனிய பழத்தையே வாவல் விரும்பியதாகப் புலவர் கூறுகின்றார். காயைத் தீண்டாமற் பழத்தை மட்டும் தேர்வது வாவலின் மூக்கு. பழந்தின்னி வௌவால், பூச்சி தின்னும் சிறு வௌவாலைப்போல ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழியறிவது அன்று; பெரிய கண்ணாலும் கூரிய மோப்பத்தாலும் இரை தேடுவது. குருடு என்று அதனைப் பழிப்பது தவறு.

மூன்றாவது, திரி. இதுவே எமக்கு மிகவும் வியப்பளித்தது. தலைகீழாகத் தொங்கும் கரிய வாவலைத் திரி என்றார் புலவர். இலுப்பையோ விளக்கெரிக்கும் எண்ணெய் தரும் மரம். எண்ணெய்க்கு உரிய மரத்திற் திரிகள் தொங்குகின்றன. ஆனால் அவற்றில் ஒளி இல்லை, சொட்டுவது தண்ணீர். விளக்கேற்ற வேண்டிய மணவீடு இருண்டு கிடக்கும் தாயின் நெஞ்சுக்கு இதனினும் பொருத்தமான காட்சி எது? நெய் என்று புலவர் கூறியது ஆவின் நெய்யையே எனக் கொண்டு இவ்விளக்கத்தை மறுப்பவர் உண்டு என்பதை அறிவோம். நெய் என்னும் சொல் பழந்தமிழில் எண்ணெய்க்கும் பொதுவாக வழங்கியது. எள்+நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. ஆதலின் எம் விளக்கத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

நக்கண்ணையார் நற்றிணை 87 இல் இன்னொரு வாவலைக் காட்டுகின்றார். ஊர் மாமரத்தில் பகலெல்லாம் உறங்கும் வாவல், சோழநாட்டு அழிசியின் காட்டில் உள்ள நெல்லியின் புளிப்பைக் கனவு காண்கின்றது. தலைவி தன் கனவுக்கு அதனை ஒப்பாக்குகின்றாள். விலங்குக்குக் கனவு உண்டு என்று ஒரு பெண்பாற் புலவர் எத்துணை இயல்பாகக் கூறிச் செல்கின்றார் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுந்தொகையில் வாவல் பலாமரச் சாரலை நோக்கி மாலையிற் புறப்பட, அது பகலில் தங்கிய முதுமரம் தனிமையுறுகின்றது. மூன்று பாடலிலும் வாவல் மரத்தோடு சேர்ந்தே வருகின்றது. மரமின்றி வாவலைப் பாடச் சங்கப் புலவர்க்கு மனம் வரவில்லைபோலும்.

பூவும் பறத்தலும்

இலுப்பை பூக்கும் காலத்தில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுச் செப்புத்தகடு போன்ற இளந்தளிரை விடும். பூங்கொத்துகள் கிளை நுனியில், இலைகளின் மறைப்பின்றி, நீண்ட காம்புகளில் தலைகவிழ்ந்து தொங்கும். பூ வெளிர்மஞ்சள் நிறம், சதைப்பற்றுடையது, இனிப்பானது. இரவில் மலர்ந்து விடியுமுன் கழன்று வீழும். ஒவ்வொன்றாக நோக்கினால் இவை மரத்தின் விசித்திரப் பழக்கங்களாகத் தோன்றும். வாவலை அருகில் வைத்து நோக்கினால் எல்லாவற்றிற்கும் காரணம் கிடைக்கின்றது. நான்கு அடிக்கு மேல் சிறகு விரிக்கும் உயிர், இலைக்கூட்டத்துள் நுழைய இயலாது. ஆதலின் பூ வெளியே நிற்கின்றது. இரவில் வருவார்க்குச் செந்நிறத்தால் பயனில்லை. ஆதலின் வெளிர்நிறமும் மணமும். தலைகீழாகத் தொங்கி உண்பார்க்குக் கவிழ்ந்த பூ எளிது. ஒரு கிலோவையும் தாண்டும் எடையுள்ள விருந்தாளியைத் துளித்தேன் கொண்டு உபசரிக்க இயலாது. ஆதலின் பூவிதழ்க் குழலையே உணவாகத் தந்துவிட்டது மரம்.

பூவிதழைத் தின்றுவிட்டால் சந்ததி எவ்வாறு உண்டாகும்? அதற்கும் வழி உண்டு. மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு, பூ முழுதும் விரியுமுன்னரே வெளியே நீண்டுவிடுகின்றது. வாவல் ஒரு மரத்தில் இதழைப் பறிக்கும்பொழுது முகத்தில் ஒட்டும் மகரந்தத்தை அடுத்த மரத்தில் அத்தண்டின் மீது தடவிச் செல்கின்றது. இதழ் மட்டும் கழன்று வர, சூல்தண்டும் சூலும் கிளையிலேயே நிலைக்கின்றன. இதழ்க்குழல் தண்டினை உருவிக்கொண்டு கழல்வதால் கீழே விழும் பூவின் நடுவே துளை இருக்கும். அகநானூறு 9 ஆம் பாடலில் கல்லாடனார் இருப்பையின் அரும்பை அம்பு நுனிக்கும், தளிரைச் செப்புத்தகட்டிற்கும், உதிர்வதை ஆலங்கட்டி மழைக்கும் ஒப்பிட்டதோடு நில்லாமல் அத்துளையையும் மறவாது குறித்துள்ளார். பூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்க்கன்றி இது தோன்றாது.

உதிர்ந்த பூவைக் கரடி உண்பதைப் பாடும் பாலைப் பாடல்கள் பல. நடு இந்தியப் பழங்குடி மக்கள் அப்பூவை உலர்த்தி உண்பர், மதுவும் வடிப்பர். எம் சமுதாயப் பெரியவர் ஒருவர், "மது வடிக்கும் மரத்தையா புகழ்கிறீர்?" என்று கேட்டார். திராட்சையிலிருந்தும் மது வருகின்றது. அதன்பொருட்டுத் திராட்சையை யாரும் விலக்கவில்லை என்று பணிவுடன் விடை கூறினோம்.

பழம் பழுத்ததும் உறவு வேறு வடிவம் கொள்கின்றது. வாவல் பழத்தைக் கவ்விக்கொண்டு தனக்கு வசதியான வேறொரு மரத்திற்குச் சென்று தொங்கும். சதையை மென்று சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். கொட்டை பெரிது, விழுங்க இயலாது. ஆதலின் கீழே போடும். தாய்மரத்தின் நிழலை விட்டு விலகி விழும் அக்கொட்டைக்கே மரமாகும் வாய்ப்பு மிகுதி.

எம் இளமையில், உம்மம்மா வைகறைத் தொழுகை முடித்ததும் ஓலைப்பெட்டியுடன் புறப்பட்டுவிடுவார். எம்மையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. புளியமரத்தடியில், இலுப்பையே இல்லாத இடத்தில், இலுப்பைக்கொட்டை கிடக்கும். தோல் இல்லை, சதை இல்லை, கழுவி வைத்தாற்போல இருக்கும். "ராத்திரி வந்த ஆளு கூலி கேக்காம உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு" என்பார். அக்கொட்டையை உலர்த்தி உடைத்துப் பருப்பைச் செக்கில் கொடுத்து ஆட்டுவர். பருப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கும். குளிர்காலத்தில் அவ்வெண்ணெய் வெண்ணெய்போல உறைந்துவிடும். பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குவார். மாடக்குழி விளக்குக்கும் மூட்டுவலிக்கும் அதுவே. பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். கண்ணில் பட்டால் எரியும் எரிச்சல் இன்னும் மறக்கவில்லை. நுரை தரும் அதே பொருள் மீனுக்கு நஞ்சு. குளத்து மீனைக் கழிப்பதற்கு இப்பிண்ணாக்கைக் கரைப்பர். எண்ணெய் ஊருக்கு, பிண்ணாக்கு தலைக்கு, உழைப்பு வாவலுக்கு என்பதே அக்காலக் கணக்கு.

இலையும் காதும்

ஒப்பிலக்கிய மாணவர்க்குப் பயன்படும் ஒரு செய்தியை இடையிற் கூறுவோம். மேலே சுட்டிய குறுந்தொகைப் பாடலில் வாவலின் வளைந்த மெல்லிய சிறகுக்கு ஆம்பல் இலையின் புறப்பக்கம் உவமையாகின்றது. மேற்பக்கம் அன்று, புறப்பக்கம். ஆம்பல் இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்புகள் புடைத்துக் கிளைத்து ஓடுவது தெரியும். விரிந்த வாவற்சிறகை ஒளிக்கு எதிரே பார்த்தாலும் அவ்வாறே.

ஹிஜ்ரி 400 அளவில் ஷரீஃப் ரழீ என்பார் தொகுத்த 'நஹ்ஜுல் பலாகா'வில் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுடையவாகத் தரப்பெற்ற பேருரைகளுள் ஒன்று முழுதும் வௌவாலின் படைப்பைப் பற்றியது. ஒளி அதன் கண்ணைச் சுருக்குவதும், இருள் அதற்கு வழி திறப்பதும், குட்டி தாயைப் பற்றிக்கொண்டு அது எழும்போது எழுந்து அது இறங்கும்போது இறங்குவதும் அதில் வருகின்றன. அவ்வுரையில் சிறகுக்குக் காதின் மடல் உவமையாகின்றது. இறகு இல்லை, தசையாலான சிறகு. அதில் நரம்போடும் இடங்கள் தெளிவாகத் தெரியும் என்கின்றது உரை.

தமிழ்ப்புலவர்க்கு இலை தோன்றியது; அரபு நாட்டார்க்குக் காது தோன்றியது. குளமும் ஆம்பலும் நிறைந்த நாட்டில் ஓர் உவமை, பாலைவனத்து மக்களிடையே மற்றோர் உவமை. ஆயின் இருவர் கண்ணும் சென்று பதிந்தது ஒரே நரம்பின் மீது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வாய்ப்பில்லை. இறைவன் படைப்பை உற்றுநோக்கும் கண்கள் இவ்வாறு ஓரிடத்திற் சந்திக்கும்.

ஈஸா நபி (அலை) அவர்கள் களிமண்ணாற் பறவை செய்து இறைவன் அனுமதியால் உயிர்பெறச் செய்ததாகத் திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் கூறுகின்றது. அப்பறவை வௌவாலே என்று விரிவுரையாளர் சிலர் எழுதியுள்ளமையும் பெரியவர்கள் அறிந்ததே. படைப்பில் அரிதானது எது என்று எண்ணியவர்க்கு அதுவே தோன்றியிருக்கின்றது.

பழி சுமந்த இரண்டு

இம்மரமும் இவ்வுயிரும் சட்டத்தின் கண்ணிலும் ஒருவகையில் ஒத்தவை. கள்ளச்சாராயத்தைத் தடுப்பதாகக் கூறிப் பம்பாய் மாகாணத்தின் சில பகுதிகளில் இலுப்பைப்பூவைச் சேர்த்து வைப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த ஆங்கிலேய அரசு 1892 இல் தனிச் சட்டமே இயற்றியது. பூவை உண்டு வாழ்ந்த ஏழை மக்கள் பூவுக்கு அஞ்சும் நிலை வந்தது. வாவலின் முறை 1972 இல் வந்தது. அவ்வாண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றுடன் சேர்த்துத் தீங்குயிர்களின் ஐந்தாம் அட்டவணையில் வைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம்.

அதே 1972 இல் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1948 இல் தேனிப் பகுதியின் மேகமலையிற் பிடிக்கப்பெற்ற ஒரு பழந்தின்னி வௌவாலின் உடல், வேறோர் இனத்தின் பெயரோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் கிடந்தது. தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத தனிப் பேரினம் என்று கண்டு, பறவையியற் பேரறிஞர் சாலிம் அலீயின் பெயரைச் சூட்டினார். பறவைகளுக்கே வாழ்வைத் தந்த பெருமகனார்க்கு நினைவுச்சின்னமாக வாய்த்தது ஒரு வௌவால். நம் மாணவர் எத்தனை பேர் இதனை அறிவர்? அவ்வினம் பின்னர்ச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, தீங்குயிர் அட்டவணையே நீங்கியது. ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சட்டம் நீங்கினாலும் அச்சம் நீங்கவில்லை. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் 17 உயிர்களைக் கொண்டது. பின்னரும் கேரளத்தில் அந்நோய் தலைகாட்டியது. பழந்தின்னி வௌவால்கள் அக்கிருமியின் இயற்கை உறைவிடம் என்பது ஆய்வில் தெளிந்த உண்மை. இதனை மறைத்து வாவலுக்கு வழக்காடுவது நேர்மையன்று. வாவல் கடித்த பழத்தை உண்ணலாகாது. விழுந்த கொட்டையை எடுத்தால் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். வாவலைக் கையால் தொடவே கூடாது. இறந்து கிடப்பினும் தொடலாகாது. உம்மம்மா காலத்தில் இவற்றை யாரும் சொல்லவில்லை. இன்று சொல்வது எம் கடமை.

ஆனால் மரத்தை வெட்டி வாவலை விரட்டினால் நோய் போய்விடும் என்பது பொருந்தாது. தங்கும் மரத்தை இழந்த கூட்டம் மறைந்துவிடுவதில்லை. பல கூறாகச் சிதறி வீட்டு மாமரத்திற்கும் கொய்யாவிற்கும் வருகின்றது. இடையூறும் பசியும் மிகுந்த வாவலிடத்திலேயே கிருமி மிகுதியாக வெளிப்படும் வாய்ப்பு உண்டு என்பதும் அறிவியலார் தரும் எச்சரிக்கை. எட்ட இருந்து பார்ப்பதே இருவர்க்கும் நலம். மதுரையை அடுத்த புளியங்குளத்து மக்கள் தம் ஆலமரத்து வாவற்கூட்டத்தைத் தெய்வக் காவல் உடையதாகக் கருதித் தீண்டாமல் வாழ்ந்ததை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். அவர்தம் நம்பிக்கை நமக்கு உடன்பாடு ஆகவேண்டியதில்லை. வானில் இரு சிறகால் பறக்கும் உயிர்களும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தில் ஓதும் நமக்கு, தீண்டாமல் விட வேறு காரணம் தேவையில்லை.

விடுதிக்குப் பின்னால் உள்ள இரண்டு

கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய அவ்விரு மரங்களைப் பற்றி ஒரு செய்தி. விடுதிக்குப் புதிய உணவுக்கூடம் கட்டும் திட்டத்தில் அவை நிற்கும் இடமும் அடங்கியுள்ளது. வாவலின் எச்சம், இரவுக் கூச்சல், நோயச்சம் என்று பெற்றோர் சிலரும் முறையிட்டுள்ளனர். பெரியவர்களின் அக்கறையை நாம் குறைத்து மதிக்கவில்லை. எம் துறையின் சார்பில் வரைபடத்தைச் சற்றே கிழக்கே தள்ளி வரையவும், மரத்தடியில் மாணவர் அமர்ந்து உண்ணாதவாறு வேலியிடவும் வேண்டி எழுதிக் கொடுத்துள்ளோம். முடிவு இம்மலர் அச்சேறும் வரை வரவில்லை.

விதையிலிருந்து வளரும் இலுப்பை காய்க்கப் பத்தாண்டு அளவு ஆகும். வாவலோ ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஐந்து திங்கள் அளவு சுமந்து, பின்னும் வாரக்கணக்கில் மார்பில் ஏந்திப் பறக்கும். விரைந்து பெருகாதவை இரண்டும். வெட்டியபின் மனம் மாறினால் மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

இன்னொன்று: இலுப்பைக்கொட்டை நெல்லைப்போலக் குதிரில் வைத்திருந்து விதைப்பதற்கு உரியதன்று. முளைக்கும் ஆற்றலைச் சில வாரங்களில் இழந்துவிடும். ஆதலின் வரும் ஆடியில், கையுறை அணிந்து, புதிதாக விழுந்த கொட்டைகளைத் திரட்டிக் கழுவி, உடனே பைகளில் ஊன்றுவதென நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் பேசி முடிவு செய்துள்ளோம். நற்றிணை வகுப்பில் அன்று எழுந்து நின்ற அம்மாணவர் முதற் பெயராகப் பதிந்துள்ளார். விரும்புவோர் தமிழ்த்துறையில் பெயர் தரலாம். கன்றுகள் முதலில் இலுப்பூர்ப் பக்கத்து மாணவர்களின் ஊர்களுக்குச் செல்லும்.